பெர்லினில் கார் இல்லாமல்: மாதப் பாஸா, சைக்கிளா, வாடகைக் காரா?

பெர்லினில் வேலை உறுதியானதும் ஊரிலிருந்து வரும் முதல் கேள்விகளில் ஒன்று, கார் எப்போது வாங்கப் போகிறாய் என்பதுதான். வாங்க வேண்டியதில்லை என்பதே என் பதில். இந்த நகரத்தில் கார் இல்லாமல் இருப்பதை யாரும் கஞ்சத்தனமாகப் பார்ப்பதில்லை. நல்ல சம்பளக்காரர்கள், மருத்துவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் என்று பலரும் அப்படித்தான் வாழ்கிறார்கள். ஆனால் கார் வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு மிஞ்சுகிற வழிகளில் எதை எடுப்பது என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் பணத்தைக் கரைக்கிறார்கள். ஆசையாக வாங்கிய சைக்கிள் நவம்பரிலிருந்து நிலவறையில் கிடக்கும். ஆண்டு முழுவதும் ஓடும் பாஸ், வெயில் வந்ததும் கைப்பேசியில் தூங்கும். இரண்டுக்கும் காசு போய்க்கொண்டே இருக்கும்.

இதில் எது சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால் வீடு எங்கே என்று கேட்க வேண்டும். பலர் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் போக்குவரத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். அதற்குள் பாதி முடிவு அவர்களைக் கேட்காமலே எடுக்கப்பட்டுவிடுகிறது.

வீட்டைப் பார்க்கும்போது

நகரின் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு வட்ட ரயில் பாதை ஓடுகிறது. பெயரே ரிங். 37 கிலோமீட்டர், 27 நிலையங்கள், ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். எஸ்41 ரயில் கடிகாரச் சுற்றில் போகும், எஸ்42 எதிர்ச்சுற்றில் போகும். வட்டத்துக்குள் இருப்பது ஏ மண்டலம், அங்கிருந்து நகர எல்லை வரை பி மண்டலம், அதற்கு வெளியே போட்ஸ்டாமும் விமான நிலையமும் உள்ள பகுதி சி மண்டலம். வட்டத்துக்குள் வீடு கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் புலம்பலில் பாதி தேவையற்றது. வட்டத்துக்கு வெளியே எஸ்-பான் எனப்படும் நகர ரயிலின் நிலையத்துக்கு அருகில் இருப்பவர், வட்டத்துக்குள் பஸ்ஸை மட்டும் நம்பி இருப்பவரைவிட வேகமாக அலுவலகம் போய்ச் சேர்ந்துவிடுவார்.

நான் பார்க்கச் சொல்வது வேறொன்று. யூ-பான் எனப்படும் சுரங்க ரயில், டிராம், பஸ் மூன்றையும் நடத்துவது நகரத்துக்குச் சொந்தமான பிவிஜி நிறுவனம். எஸ்-பான் ரயிலை நடத்துவது டாய்ச்ச பான் ரயில்வேயின் துணை நிறுவனம். முதலாளிகள் வேறு, சம்பள ஒப்பந்தங்கள் வேறு. அதனால் வேலைநிறுத்தங்களும் தனித்தனியே வருகின்றன. 2024 ஜனவரியில் ரயில் ஓட்டுநர் சங்கம் பல நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எஸ்-பான் முடங்கியது, சுரங்க ரயில் ஓடியது. 2025 தொடக்கத்தில் பிவிஜி ஊழியர்கள் வேலையை நிறுத்தியபோது நிலைமை தலைகீழாயிற்று. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் யூ-பான் ஒன்றும் எஸ்-பான் ஒன்றும் இருந்தால் இந்தச் செய்திகளைப் பதற்றமில்லாமல் படிக்கலாம். கோடை முழுவதும் ஏதாவது ஒரு தடத்தில் தண்டவாள வேலை நடக்கும், ரயிலுக்குப் பதிலாக மாற்றுப் பஸ் விடுவார்கள். அந்தப் பஸ்ஸில் நெரிசலில் நின்றவர்களுக்கு இரண்டாவது நிலையத்தின் அருமை தெரியும்.

டிராம் விஷயத்தில் வரலாறு இன்னும் வேலை செய்கிறது. மேற்கு பெர்லின் தன் கடைசி டிராமை 1967-இல் நிறுத்திவிட்டது. கிழக்கு நிறுத்தவில்லை. இன்றும் வரைபடத்தை விரித்தால் டிராம் தடங்கள் பெரும்பாலும் கிழக்குப் பாதியில்தான் இருக்கும். மேற்கே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நீட்டுகிறார்கள். எம்10 தடம் மேற்கே மோவாபிட் பகுதியின் நடுவரை நீண்டது 2023-இல்தான். குழந்தை வண்டி தள்ளுகிறவர்களுக்கு இது சிறிய செய்தியல்ல. சுரங்க ரயிலுக்கு லிஃப்ட் வேண்டும், லிஃப்ட் இல்லாத நிலையங்களும் உண்டு, இருக்கிற லிஃப்ட்டும் பழுதாகி நிற்கும். தெருமட்டத்தில் வந்து நிற்கும் தாழ்தள டிராமில் வண்டியை அப்படியே தள்ளி ஏற்றிவிடலாம்.

பாஸ்

மாதப் பாஸ் என்றால் இப்போது பெரும்பாலோருக்கு நாடு முழுவதும் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட்தான். 2022 கோடையில் மூன்று மாதங்களுக்கு மட்டும் விற்ற 9 யூரோ டிக்கெட்டின் வெற்றியிலிருந்து பிறந்தது. 2023 மே மாதத்தில் 49 யூரோவுக்குத் தொடங்கி, 2025-இல் 58 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோவில் நிற்கிறது. நிற்கிறது என்பதும் கொஞ்சம் நம்பிக்கையோடு சொல்வதுதான். பழைய காணொளிகளைப் பார்த்துவிட்டு 49 யூரோ என்றோ, பெர்லின் தனியாகக் கொடுத்துவந்த 29 யூரோ பாஸ் என்றோ கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். அந்த 29 யூரோ பாஸ் இப்போது இல்லை.

ஏபி மண்டலத்துக்கான ஒற்றைப் பயணச் சீட்டு 4 யூரோ. ஆக, மாதத்துக்குப் பதினாறு ஒற்றைப் பயணங்கள் போனால் பாஸின் விலை வந்துவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் போகிறவருக்கு அது ஏறக்குறைய சரிக்குச் சரி. அதிலும் நான்கு பயணங்களைச் சேர்த்து விற்கும் சீட்டு வாங்கினால் ஒவ்வொரு பயணமும் மலிவாகும் என்பதால், வீட்டிலிருந்தே வேலை செய்கிறவருக்குப் பாஸ் நட்டம். வாரத்துக்கு மூன்று நாளைத் தாண்டினால் யோசிக்கவே வேண்டாம், பாஸ்தான்.

சம்பளக்காரர்கள் வேறு எதற்கும் முன்னால் மனிதவளத் துறையிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஜாப்டிக்கெட் உண்டா? அதாவது, இதே பாஸின் விலையில் குறைந்தது 25 சதவீதத்தை நிறுவனம் ஏற்றுக்கொண்டால், மேலும் 5 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். அப்போது கையிலிருந்து போவது அதிகபட்சம் 44.10 யூரோ. கேட்காதவருக்குத் தாமாக முன்வந்து சொல்லும் நிறுவனங்கள் குறைவு. மாணவர்களுக்குப் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் பருவக் கட்டணத்தோடே மலிவான பாஸ் வந்துவிடுகிறது. தனியார் கல்லூரிகளில் சேருகிறவர்கள் அது தங்களுக்கு உண்டா என்று சேருமுன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பெர்லின் பள்ளிக் குழந்தைகளுக்கு 2019 முதல் நகருக்குள் பயணம் இலவசம். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட்டே வேண்டாம்.

இந்தப் பாஸின் உண்மையான மதிப்பு நகருக்கு வெளியேதான் தெரியும். ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்களைத் தவிர நாடு முழுவதும் வட்டார ரயில்களில் செல்லும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி பால்டிக் கடற்கரையில் ராஸ்டாக்குக்குப் போய், இரவு வீடு திரும்பலாம். தனிச் செலவு இல்லை. ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்குக்கூட இதிலேயே போகலாம். ஆனால் வழியில் பல முறை மாறி, ஒரு பகல் பொழுதை ரயிலுக்குக் கொடுத்துவிட வேண்டும். அவசரக்காரர்களுக்கு அது ஒத்துவராது. பெர்லினுக்குள்ளேயே பிரிட்ஸ் பகுதியில் உள்ள மயூரபதி முருகன் கோவில், யூ7 தடத்தின் பிளாஷ்கோஅலே நிலையத்துக்கு அருகில் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, இது சந்தா. ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் எடுக்கப்படும். அந்த மாத இறுதியோடு முடிய வேண்டுமென்றால் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். இரண்டு, நிலையங்களில் தடுப்புக் கதவுகள் இல்லை, யாரும் டிக்கெட் கேட்பதில்லை என்பதைப் பார்த்து மயங்கக் கூடாது. சாதாரண உடையில் ஏறும் பரிசோதகர்கள் ரயில் கதவு மூடியதும்தான் அட்டையைக் காட்டுவார்கள். டிக்கெட் இல்லாவிட்டால் 60 யூரோ. காகிதச் சீட்டை வாங்கி, நடைமேடையில் உள்ள பெட்டியில் முத்திரை குத்தாமல் ஏறினாலும் அதே 60. வேண்டுமென்றே டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்வது ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் கீழேயே வருகிறது. விசாவில் இருப்பவர்கள் இந்த விளையாட்டுக்குப் போகாமல் இருப்பதே மேல்.

இரவு நேரம் பற்றிக் கவலை வேண்டாம். வெள்ளி, சனி இரவுகளில் சுரங்க ரயில் விடிய விடிய ஓடும். மற்ற நாட்களில் அதே தடத்தில் N என்ற எழுத்தோடு இரவுப் பஸ்கள் வரும்.

சைக்கிள்

பெர்லின் தட்டையான ஊர். ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் ரயிலைவிட சைக்கிள்தான் முந்தும். நிலையத்துக்கு நடப்பது, காத்திருப்பது, மாறுவது, மறுபடி நடப்பது என்ற நான்கும் இதில் கிடையாது. ஆகவே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சைக்கிளுக்கே என் ஓட்டு. மீதி மாதங்களில் மனிதரைப் பொறுத்தது. டிசம்பரில் காலை எட்டு மணிக்கு இருட்டு, மாலை நான்கு மணிக்கு மறுபடி இருட்டு. நடைபாதைகளில் வழுக்காமல் இருக்க உப்புக்குப் பதிலாகக் கூரிய சிறுகற்களைத் தூவுகிறார்கள். அவை சைக்கிள் பாதைக்கும் வந்து டயரைப் பதம் பார்க்கும். குளிர்காலத்திலும் ஓட்டுவேன் என்பவர்களுக்குப் பஞ்சர் தாங்கும் தடித்த டயர் அவசியம்.

ஊரில் பத்தாம் வகுப்பு வரை சைக்கிளில்தான் போனேன், எனக்கென்ன என்று நினைக்க வேண்டாம். இங்கே சைக்கிள் ஒரு வாகனம், விதிகள் கறாரானவை. பலகையோ விளக்கோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. அது சின்னத் தெருவாக இருந்தாலும் சரி, நீங்கள் பெரிய தெருவில் வந்தாலும் சரி. நீல நிற வட்டப் பலகையில் சைக்கிள் படம் இருந்தால் அந்தப் பாதையில்தான் போக வேண்டும். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 60 யூரோவும் ஒரு தண்டப் புள்ளியும். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டினால் 55 யூரோ. தலைக்கவசம் கட்டாயமில்லை, விளக்கு கட்டாயம். டிராம் தண்டவாளத்தை நேர்க்குறுக்காகத்தான் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்தில் சிக்கி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். இவற்றோடு, நிறுத்தியிருக்கும் காரின் கதவு எந்த நொடியும் திறக்கலாம். நகருக்குள் சைக்கிளை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று 2020-இல் சட்டம் வந்துவிட்டது. எல்லாக் கார்களுக்கும் அது தெரியுமா என்பது வேறு.

பயிற்சி விட்டுப்போனவர்களுக்கு இந்த ஊரில் ஓர் அதிசய வசதி உண்டு. 2008-இல் மூடப்பட்ட டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் ஓடுபாதைகள் 2010 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. விமானம் இறங்கிய தாரில், எதிரே ஒரு காரும் வராத அகலத்தில், விழுந்து எழுந்து பழகலாம். நாற்பது வயதுக்குப் பிறகு முதல் முறையாகச் சைக்கிள் பழகும் பெண்களை அங்கே பார்க்கலாம். பார்க்கவே உற்சாகமாக இருக்கும்.

வாங்குவதா, சந்தாவா? இங்கேதான் நான் பெரும்பாலோரோடு முரண்படுகிறேன். பழைய சைக்கிள் ஒன்றை நூற்றைம்பது, இருநூறு யூரோவுக்கு வாங்குவதே புத்திசாலித்தனம் என்பார்கள். பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு அது சரி. தெரியாதவருக்கு இங்கே கூலி என்பது பொருளைவிடப் பெரிய செலவு. பிரேக் சரிசெய்து, சங்கிலி மாற்றி, பின்சக்கரம் நேராக்குவதற்குள் சைக்கிளின் பாதி விலை போய்விடும். வசந்தத்தில் பட்டறைகளில் இடமும் கிடைக்காது. முன்சக்கரத்தில் நீல டயரோடு ஊரெங்கும் தெரியும் ஸ்வாப்ஃபீட்ஸ் போன்ற மாதச் சந்தா சைக்கிள்களில் பழுதுச் செலவும் அடக்கம். முதல் ஆண்டு எங்கே குடியிருப்போம், எவ்வளவு தூரம் ஓட்டுவோம் என்று தெரியாதவருக்குச் சந்தாதான் பொருந்தும். இரண்டாவது ஆண்டில் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம்.

சந்தாவுக்கு நான் சாய்வதற்குத் திருட்டும் ஒரு காரணம். இந்த நகரத்தில் காவல்துறையில் பதிவாகும் சைக்கிள் திருட்டுகளே ஆண்டுக்கு இருபதாயிரத்தைத் தாண்டும். அப்படித் திருடு போனவை எங்கேயோ விற்றாக வேண்டும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ரசீது இல்லாமல், சட்டக எண் சுரண்டப்பட்டு, மலிவு விலையில் நிற்கும் சைக்கிளைத் தொடவே கூடாது. ஜெர்மன் சட்டப்படி திருட்டுப் பொருளை நல்லெண்ணத்தோடு, முழு விலை கொடுத்து வாங்கினாலும் அது உங்களுக்குச் சொந்தமாகாது. உரியவர் வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், பணம் போனது போனதுதான். தனியாரிடம் வாங்கினால் விற்பவரின் பெயர், சட்டக எண் இரண்டையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சைக்கிளின் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது பூட்டுக்குச் செலவிடுங்கள். வீட்டுப் பொருள் காப்பீட்டில் தெருவில் நிறுத்தும் சைக்கிளுக்கும் இடமுண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதற்குத் தனியாக ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டியிருக்கும். சைக்கிளில் போய் யார் மீதாவது மோதிவிட்டால் கைகொடுப்பது வேறொரு காப்பீடு, ஹாஃப்ட்ப்ஃலிக்ட் எனப்படும் பொறுப்புக் காப்பீடு. அது இல்லாமல் இந்த நாட்டில் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்பது என் கட்சி.

சைக்கிளையும் ரயிலையும் சேர்த்துப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். சேர்க்கலாம், ஆனால் டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் சைக்கிள் அடங்காது, அதற்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும். மடக்குச் சைக்கிள் மட்டும் சாமான் கணக்கில் சும்மா வரும். வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையே தூரம் அதிகம் என்றால் அதுவே நல்ல தீர்வு.

மற்றவை

மின் ஸ்கூட்டரைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 2019 முதல் ஜெர்மனியில் அனுமதி உண்டு, வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர், ஒருவர் மட்டுமே ஏறலாம், நடைபாதையில் ஓட்டக் கூடாது. நிமிடக் கணக்கில் வாடகை என்பதால் தினமும் ஏறினால் மாதப் பாஸை இரண்டே வாரத்தில் விழுங்கிவிடும். மது விஷயத்தில் கார் ஓட்டுநருக்கான வரம்பே இதற்கும் பொருந்தும். விருந்திலிருந்து திரும்ப வாகாக இருக்கும் என்று எடுக்கிறவர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும்.

வாடகைக் கார் கதை வேறு. கார் வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்கும் ஆண்டில் சில நாட்கள் கார் தேவைப்படும். அலமாரி வாங்கும் நாள், ரயில் போகாத ஏரிக்கரைக்குக் கிளம்பும் நாள், உறவினர் நான்கு பெட்டிகளோடு வந்திறங்கும் நாள். தெருவில் நிற்கும் பகிர்வுக் கார்களைச் செயலி வழியாகத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்குக் கட்டணம் வாங்குகிறவையும் உண்டு, மைல்ஸ் போல கிலோமீட்டருக்கு வாங்குகிறவையும் உண்டு. நெரிசல் நேரத்தில் கிலோமீட்டர் கணக்கே லாபம்.

இதற்கெல்லாம் உரிமம் வேண்டும். இந்தியா, இலங்கை உரிமங்கள் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் மட்டுமே இங்கே செல்லும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வைத்திருப்பதால் அந்தக் கெடு நீளாது. அதன் பிறகு ஓட்டினால் உரிமமே இல்லாமல் ஓட்டிய குற்றம். எளிதாக மாற்றிக் கொடுக்கும் நாடுகளின் பட்டியலில் நம் நாடுகள் இல்லாததால் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டையும் எழுத வேண்டும். கண் பரிசோதனையும் முதலுதவிப் பயிற்சியும் அதோடு சேரும். ஆனால் பழைய உரிமம் கையில் இருந்தால், புதிதாகப் பழகுகிறவருக்கு உள்ள கட்டாய வகுப்புகளிலிருந்து விலக்கு உண்டு. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் கிடையாது. கார் வாங்கும் எண்ணமே இல்லாதவர்களும் முதல் ஆண்டிலேயே இதை முடித்துவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் பிறகு எப்போதுமே நடப்பதில்லை.

கனமான சாமானுக்குக் காரைத் தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. பெர்லின் சைக்கிள் சங்கம் நடத்தும் ஃப்லோட்டே திட்டத்தில் சரக்குச் சைக்கிள்களை முன்பதிவு செய்து இலவசமாகவே எடுத்துக்கொண்டு போகலாம். துணி துவைக்கும் இயந்திரத்தை அதில் ஏற்றிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பரிந்துரைக்க மாட்டேன், முடியும் என்று மட்டும் சொல்கிறேன்.

யாருக்கு எது

தனியாக வருகிறவருக்கு, ஆட்லர்ஸ்ஹோஃப் தொழில்நுட்பப் பூங்கா போல மையத்திலிருந்து தள்ளி அலுவலகம் என்றால், ஆண்டு முழுவதும் ஜாப்டிக்கெட் போதும். சைக்கிளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அலுவலகம் மையத்திலும் வீடு அதற்குப் பக்கத்தில் நாய்க்கோல்ன், வெடிங் போன்ற பகுதியிலும் என்றால் கோடைக்குச் சைக்கிள், நவம்பர் முதல் மார்ச் வரை பாஸ். ஐந்து மாதத்துக்கு 315 யூரோ. பன்னிரண்டு மாதமும் வைத்திருந்தால் 756. மிச்சமாகும் தொகையில் பூட்டும் மழைச்சட்டையும் வாங்கிவிடலாம்.

சிறு குழந்தைகளோடு வருகிறவர்கள் டிராம் தடம் உள்ள பகுதியில் வீடு பார்க்கட்டும். பெற்றோர் இருவரில் தினமும் வெளியே போகிறவருக்கு மட்டும் பாஸ் எடுத்தால் போதும். கார் எடுக்கும் நாளில் குழந்தை இருக்கையை மறக்கக் கூடாது. 12 வயது அல்லது 150 செண்டிமீட்டர் உயரம், இரண்டில் ஒன்றை எட்டும் வரை அது கட்டாயம். டாக்சியில் ஏறுவதாக இருந்தால் அழைக்கும்போதே குழந்தையின் வயதைச் சொல்லிவிடுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா கோடையில் வந்தால் அவர்களுக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுக்கலாம். ஜெர்மனியில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. நாட்காட்டி மாதத்துக்குத்தான் கணக்கு என்பதால் மாதத் தொடக்கத்தில் வந்திறங்குவதுபோல விமான டிக்கெட் போட்டால் வீணாகாது. மூட்டு வலி உள்ளவர்களைச் சுரங்க ரயிலில் படியேற்றுவதைவிட டிராமிலும் பஸ்ஸிலும் அழைத்துப் போங்கள். கிளம்புமுன் எந்த நிலையத்தில் லிஃப்ட் ஓடுகிறது என்பதைச் செயலியில் பார்த்துவிடுங்கள். ஆகஸ்டு கடைசியில் அவர்கள் திரும்புவதாக இருந்தால் ஆகஸ்டு 10-க்குள் அந்தச் சந்தாவை நீங்களே ரத்து செய்துவிடுங்கள். பணம் உங்கள் கணக்கிலிருந்துதானே போகிறது.